ஃபோர்டைட்டுடன் நாற்பது வருஷங்கள்

1974-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், டெட்ராய்ட் நகரத்தை அடுத்த ஒரு மோட்டார் ஆலையின் பெயிண்ட் பகுதியில் மேஸ்திரியாக இருந்த பெரியவர் ஒருவர், மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் தகரப் பெட்டியிலிருந்து சாம்பல் நிறக் கட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். தேங்காய் மூடி அளவிருந்த அந்தக் கட்டி பார்வைக்கு உலைக்கசடு போல் இருந்தது. அந்த அளவுள்ள கல்லுக்கு இருக்கவேண்டிய கனமும் அதில் இல்லை. "உன் தகப்பனார் கல் அறுப்பவர் என்று சொன்னாயே, இதை அறுத்துப் பார்" என்றார் அவர். நான் அப்போது மோட்டார் கம்பெனிகளுக்குப் பெயிண்ட் தயாரித்துக் கொடுத்த ஒரு ஸ்தாபனத்தின் பரிசோதனைச் சாலையில் உத்தியோகம் பார்த்துவந்தேன். தகட்டில் பூசிய வர்ணம் வெயிலுக்கும் உப்புக்கும் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கெடுப்பதே என் வேலை. திருச்சியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் குடும்பத்தில், சாணையின் சப்தத்தைக் கேட்டே வளர்ந்தவனாகையால், கல் என்று யார் எதைக் காட்டினாலும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது என் சுபாவம். அந்தக் கட்டியையும் அப்படிப் பிடித்துப் பார்த்தேன். உடைந்த ஓரத்தில், மயிரிழை போன்ற ரேகைகள், சிவப்பும் வெள்ளையும் நீலமும் கருப்புமாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன.

அந்தக் கட்டி எங்கே பிறந்தது என்பதை அன்றே அவர் எனக்குக் காட்டினார். காரின் உடற்கூடு, ஸ்கிட் என்று அவர்கள் சொல்லும் இரும்புச் சட்டத்தின்மேல் அமர்ந்து, நீண்ட பூத்துக்குள் மெதுவாக நகர்ந்து வரும். இரு பக்கமும் நின்ற மனிதர்கள், கையில் பிடித்த துப்பாக்கியால் வர்ணத்தைப் பீய்ச்சுவார்கள். காற்றின் வேகத்தால் சிதறும் வர்ணத்தில் பாதிக்கு மேற்பட்டது காரின்மேல் படியாமல், ஸ்கிட்டின்மேலும் தண்டவாளத்தின்மேலும் தரைக் கிராதியின்மேலும் விழும். பிறகு அந்தக் கூடு, ஸ்கிட்டோடு சேர்ந்தே சூளைக்குள் சென்று வேகும். காரின்மேல் பூசிய வர்ணம் இறுகும்போது, இரும்பின்மேல் வீணாகச் சிந்திய வர்ணமும் இறுகும். கார் வெளியே போய்விடும். ஸ்கிட் மட்டும் திரும்பிவந்து, அடுத்த காரைச் சுமந்து, அடுத்த நிறத்தை வாங்கி, மறுபடியும் சூளைக்குள் போகும். இப்படி மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில் படிந்து தடித்து, சட்டம் தடையின்றி ஓடுவதற்கே இடைஞ்சலாகிவிட்ட பிறகு, ஆட்கள் உளியும் சுத்தியலுமாக வந்து அதைப் பெயர்த்துக் குப்பையில் போடுவார்கள். குப்பைக்குப் போகும் வழியில் யாரோ ஒரு தொழிலாளி உடைந்த முகத்தைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். இந்தத் தொழிலின் ஆதி அவ்வளவுதான். ஃபோர்டைட் என்றும் டெட்ராய்ட் அகேட் என்றும் நகைத் தொழிலில் இருப்பவர்கள் அதற்குப் பின்னால் பேர் வைத்தார்கள்; ஆலையில் இருந்தவர்களுக்கு அது வெறும் பெயிண்ட் கட்டி.

அந்தக் கட்டி ஐந்து வருஷங்கள் என் மேஜையின்மேல் காகிதம் பறக்காமல் இருப்பதற்கு உதவியது. 1979-ல்தான், வீட்டின் அடித்தளத்தில் ஒரு சிறிய வைர ரம்பமும் இரண்டு சாணைச் சக்கரங்களும் வாங்கி வைத்து, அதை அறுக்கத் துணிந்தேன். என் தகப்பனார் செய்வதைப் பார்த்தபடியே, அரக்கை விளக்கில் உருக்கிக் குச்சியின் முனையில் வைத்துத் துண்டை அதில் ஒட்டினேன். அரக்கின் சூடு பட்டதும் பெயிண்ட் இளகி, தின்னர் வாசனை அறை முழுவதும் பரவியது. ரம்பத்தைக் கொடுத்தபோது, அகலமான பக்கம் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில், அடுக்குகளுக்கு இணையாக அறுத்தேன். ஓர் ஏட்டுக் கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் எல்லா ஓலைகளும் தெரியும், மேலிருந்து பார்த்தால் முதல் ஓலை மட்டுமே தெரியும் என்ற எளிய விஷயம்கூட அன்று எனக்குத் தோன்றவில்லை; கையில் கிடைத்தது, பாசிநிறத்தில் அங்கங்கே திட்டு விழுந்த ஒரு தட்டையான சில்லு. தண்ணீர் போதாமல் சாணையில் பிடித்தபோது ஓரங்கள் சுருண்டு, இரண்டு அடுக்குகள் தனித்தனியே கழன்றன. கட்டியில் பாதி அன்றிரவே பாழாயிற்று. மிச்சத்தில் அறுத்த ஆறேழு சில்லுகளை ஒருவாறு மெருகிட்டு, மறு வருஷம் ஒரு சந்தையில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர்கள் யார் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை.

நடந்ததைத் தகப்பனாருக்குக் கடிதத்தில் எழுதினேன். வாழ்நாளெல்லாம் சாணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவர், பெயிண்டைப் பற்றி ஒன்றும் அறியாதவராயினும், இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தார்: "தெரியாத கல்லை மூன்று நாள் கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ரம்பத்தை எடு. கல் உனக்குப் பழக்கமாவதற்கு முன்னால் ரம்பம் பழக்கமாகக் கூடாது."

சரியான முறையை எனக்குக் கற்பித்தவர்கள், மிச்சிகனில் பெட்டோஸ்கி கல்லைத் தேய்ப்பவர்கள். முப்பத்தைந்து கோடி வருஷங்களுக்கு முன்னால் கடலில் வாழ்ந்த பவளப் பூச்சிகளின் கூடு கல்லாகி, மிச்சிகன் ஏரியின் கரையில் அறுகோணக் கட்டம் கட்டமாகக் கிடைக்கிறது. 1965-ல் அந்த மாநிலம் அதைத் தன் கல்லென்று பிரகடனம் செய்தது. அது சுண்ணாம்பு ஜாதி, மிருதுவானது. அகேட்டுக்குச் செய்வதுபோல் வேகமான சாணையில் வைத்தால் மழுங்கிப்போகும். கல் அறுப்போர் சங்கம் ஒன்றில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார், என் சில்லுகளைப் பார்த்துவிட்டு, "மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையால் தேய்த்துப் பாருங்கள்" என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் நான்கு ரக வாட்டர் பேப்பரும் எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். மிருதுவான பொருளுக்கு வேகம் சத்துரு, தண்ணீரும் பொறுமையும் மித்திரர்கள் என்பதை அந்த ஒரு மாலையில் கற்றேன். அன்றிலிருந்து அரக்கையும் தொடவில்லை. சூடில்லாத பசையால்தான் குச்சியில் ஒட்டுகிறேன்.

இப்போது ஒரு கட்டி கைக்கு வந்தால் நான் செய்யும் காரியத்தைக் கிரமமாகச் சொல்லுகிறேன். முதலில் ஓர் ஓரத்தை மட்டும் சிறிது தேய்த்து, நனைத்து, பூதக்கண்ணாடியில் அடுக்குகளை எண்ணுகிறேன். ஓர் அங்குலக் கனத்தில் நூற்றுக்கு மேல் எண்ணியதுண்டு. அடுக்குகள் எங்கே தட்டையாக ஓடுகின்றன, எங்கே சொட்டி வழிந்து வளைந்திருக்கின்றன, எங்கே குமிழி இருக்கிறது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். வழிந்த இடத்தில் குறுக்கே அறுத்தால் கண்போன்ற வளையங்கள் கிடைக்கும்; தட்டையான இடத்தில் சற்றே சாய்த்து அறுத்தால், மயிரிழையாக இருந்த ரேகை நாடாவாக விரியும். அறுத்த துண்டைப் பட்டை போடாமல், மேல்புறம் குவிந்திருக்கும்படி உருட்டுகிறேன்; குவிவின் ஒவ்வொரு மட்டத்திலும் ஒவ்வோர் அடுக்கு வெளிப்பட்டு, மலையின் உயரங்களைக் காட்டும் தேசப்படத்தின் கோடுகள்போல் ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கும். ஒரு தேய்ப்புக் கூடிவிட்டால், பத்து நிமிஷமாகத் தெரிந்த ஆரஞ்சு நிறம் மறைந்து, கீழே இருந்த நீலம் வந்துவிடும்; போன ஆரஞ்சு திரும்பி வராது. ஆகையால் இருபது தேய்ப்புக்கு ஒருமுறை கழுவித் துடைத்துப் பார்க்கிறேன். 220-ஆம் நம்பர் காகிதத்தில் ஆரம்பித்து, 400, 600, 1200, 2000 என்று ஏறி, கடைசியில் ஈரமான தோலில் மெருகுப்பொடி வைத்துத் துடைக்கும்போது, அதுவரை சாக்பீஸ் போல் மங்கியிருந்த முகம் திடீரென்று ஈரம் பட்டாற்போல் திறக்கும். நாற்பது வருஷங்களில் ஒரு தடவையாவது அந்தக் கணம் எனக்குச் சாதாரணமாகத் தோன்றியதில்லை.

அறுக்க அறுக்க, நிறங்களை வாசிக்கவும் தெரிந்தது. 1914 முதல் 1925 வரை ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் கருப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. 1923-ல் டூகோ என்ற சீக்கிரம் உலரும் லாக்கர் வந்த பிறகுதான், வாரக்கணக்கில் உலரவேண்டிய வர்ணம் மணிக்கணக்கில் உலர்ந்து, பல நிறங்கள் மலிவான கார்களுக்கும் வந்தன. என் கைக்கு வந்த கட்டிகளில் கருப்பும் பழுப்பும் அடர்ந்தவை பெரும்பாலும் பழமையானவை. இளஞ்சிவப்பும் மயில்நீலமும் வெள்ளையும் மாறிமாறி வந்தால் 1950-களின் வாசனை. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் 1960-கள். காவியும் பொன்னிறமும் பாசிப்பச்சையும் சேர்ந்தால் 1970-கள் என்று பெரும்பாலும் நிச்சயிக்கலாம். சில கட்டிகளில் இரண்டு நிறங்களுக்கு நடுவே தவறாமல் ஒரு சாம்பல் கோடு வரும், அது பிரைமர். அடிப்பூச்சும் மேற்பூச்சும் ஒரே ஸ்கிட்டின்மேல் நடந்த ஆலையில் அந்தக் கோடு இருக்கும். தனித்தனி இடத்தில் நடந்த ஆலையில் நிறத்தின்மேல் நிறமே நேராகப் படிந்திருக்கும். 1980-களில், நிறத்தின்மேல் தெளிவான கிளியர் கோட் பூசும் வழக்கம் பரவிய பிறகு, அடுக்குகளின் நடுவே கண்ணாடி போன்ற பட்டைகள் வர ஆரம்பித்தன. கென்டக்கியில் பௌலிங் கிரீன் ஆலையில் கார்வெட் கார்கள் 1981 முதல் தயாராகின்றன. அங்கிருந்து வந்த கட்டிகளை இந்தத் தெளிவான பட்டைகளைக் கொண்டே பலர் அடையாளம் காண்கிறார்கள்.

லாக்கர் எது, எனாமல் எது என்று அறிவதும் அறுப்பவனுக்கு முக்கியம். லாக்கர், அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் உலர்வது. ஒரு துளி தின்னர் பட்டால் மறுபடியும் கரையும். எனாமல் சூளையில் வெந்து, உள்ளுக்குள்ளேயே பின்னிக்கொண்டு இறுகுவது; தின்னர் அதை எளிதில் அசைக்காது. பல நூறு முறை வெந்த எனாமல்தான் சாணைக்குச் சரியான சரக்கு. பரிசோதனைச் சாலையில் நான் கற்ற ரசாயனம் இந்த ஓர் இடத்தில் என் அடித்தளத்து அறைக்கு வந்து உதவியது.

அதே ரசாயனம் என்னை எச்சரிக்கவும் செய்தது. பழைய மோட்டார் வர்ணங்களில் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட் சேர்ப்பது சர்வசாதாரணம். 1978-ல் அமெரிக்காவில் வீட்டுக்குப் பூசும் பெயிண்டில் ஈயம் தடுக்கப்பட்டது. மோட்டார் வர்ணம் அந்தத் தடையில் அடங்கவில்லை. இறுகிய கட்டியைக் கையில் வைத்திருப்பதால் அபாயம் ஒன்றுமில்லை. உலர்ந்த நிலையில் தேய்த்து அந்தத் தூளைச் சுவாசிப்பதில்தான் விஷம் இருக்கிறது. ஆகவே நான் உலர்ந்த தேய்ப்பு ஒரு தடவைகூடச் செய்வதில்லை. வடிகட்டி வைத்த முகமூடி இல்லாமல் ரம்பத்தின் அருகே போவதில்லை. கிண்ணத்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வண்டலைப் பிரித்து, அபாயகரமான குப்பை வாங்கும் நிலையத்தில் கொடுக்கிறேன். பேரக் குழந்தைகளுக்கு அந்த அறையில் பிரவேசமில்லை. நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ரிங்வுட் என்ற மலைப்பிரதேசத்தில், பழைய இரும்புச் சுரங்கங்களைச் சுற்றி மோட்டார் ஆலையின் பெயிண்ட் கசடு கொட்டப்பட்டது. 1983-ல் மத்திய அரசாங்கம் அந்த ஸ்தலத்தை அபாயப் பட்டியலில் சேர்த்து, 1994-ல் நீக்கி, கசடு இன்னும் கிடப்பது தெரிந்து 2006-ல் மறுபடியும் சேர்த்தது. அங்கே குடியிருந்த ராமபோ பழங்குடி மக்கள் பட்ட கஷ்டத்தை வாசித்த நாளில், நான் நகையாக்கி விற்கும் பொருளும் இதே ஜாதிதான் என்ற நினைவு என்னை வெகுநேரம் வேலை செய்யவிடவில்லை. அழகு என்பது இந்தப் பொருளின் ஒரு முகம். மற்றொரு முகத்தை வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பது தர்மமல்ல.

இந்தச் சரக்கு பிறப்பது நின்றுபோனதையும் நான் கண்ணால் பார்த்தேன். வர்ணத் துளிகளுக்கு மின்சாரம் ஏற்றி, எதிர் மின்னேற்றத்தால் காரின் இரும்பு அவற்றைத் தானே இழுத்துக்கொள்ளும்படி செய்யும் முறை ஆலைகளில் பரவியபோது, சிதறும் வர்ணம் வெகுவாகக் குறைந்தது. பிறகு 1980-களில் இயந்திரக் கைகள் வந்து, துப்பாக்கி பிடித்த மனிதர்களின் இடத்தில் நின்றன. பெயிண்ட் மிச்சம், காற்றுக்கு நன்மை, அந்தப் புகையில் நாள் முழுவதும் நின்ற நுரையீரல்களுக்கு நன்மை. இந்த மாறுதலை நான் குறை கூறமாட்டேன். ஆனால் பூத்தில் நின்ற மனிதர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், கட்டியும் நின்றது. அந்த மேஸ்திரிப் பெரியவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாரத்தில் என்னுடன் டெட்ராய்ட் கலைக் கூடத்துக்கு வந்து, டீகோ ரிவேரா என்ற மெக்ஸிகோ தேசத்து ஓவியர் 1932-33-ல் டியர்பார்னிலுள்ள ரூஜ் ஆலையைப் பார்த்துத் தீட்டிய இருபத்தேழு சுவர்ச் சித்திரங்களின் நடுவே வெகுநேரம் நின்றார். "அவர் எங்களைப் பார்த்து வரைந்தார்; நாங்கள் வரைந்தது ஸ்கிட்டின்மேல் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

சரக்கு அருகியதும் விலை ஏறிற்று. கூடையில் அள்ளிக் கொடுத்ததைக் கிராம் கணக்கில் விற்கத் தொடங்கினார்கள். விலை ஏறிய இடத்தில் போலியும் வந்தது. புதிய பெயிண்டை டப்பாவில் அடுக்கடுக்காக ஊற்றிக் கலக்கி உலர்த்தி, பழைய ஆலைச் சரக்கு என்று விற்கிறார்கள். போலியில் அடுக்கு தடிமனாகவும் சுழிசுழியாகவும் இருக்கும். அநேகமாக நகத்தால் அழுத்தினால் அமுங்கும். தின்னர் துளியில் கரையும். ஆலைச் சரக்கில் அடுக்கு மெல்லிதாக, ஒரே சீராக இருக்கும். நடுநடுவே தூசியும் பஞ்சிழையும் ஊசிமுனைத் துவாரமும் இருக்கும். அந்தக் குறைகளே அதன் சாட்சிகள்.

நான் செய்த மிகப் பெரிய தவறு எது என்பது 1996-ல்தான் எனக்குத் தெரிந்தது. மேஸ்திரிப் பெரியவர் அந்த வருஷம் காலமானார். இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் ஒரு காபித் தகர டப்பாவைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் கொடுத்தாள். அதில் ஏழு கட்டிகள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டி, ஒரு சீட்டுடன் இருந்தன. எந்தப் பூத், ஸ்கிட் எந்த மாதம் சுத்தம் செய்யப்பட்டது, அடுத்து எந்த மாதம் பெயர்க்கப்பட்டது, பகல் முறையா இரவு முறையா, அப்போது துப்பாக்கி பிடித்தவர்கள் யார் யார் என்று பென்சிலால் எழுதியிருந்தார். சீட்டுகளுக்கு இலக்கம் இருந்தது: ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்று எட்டு வரை. மூன்றாம் இலக்கச் சீட்டு மட்டும், கட்டி இல்லாமல், டப்பாவின் அடியில் தனியாகக் கிடந்தது. அதில் மற்ற விவரங்களுக்குக் கீழே, "1974. கல் அறுப்பவர் மகனிடம் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தது.

அந்த மூன்றாவது கட்டியைத்தான் நான் அரக்கில் வேகவைத்துப் பாழாக்கி, மிச்சத்தை யாரென்று அறியாதவர்களுக்கு விற்றிருந்தேன். நான்கு மனிதர்களின் பேரும், இரண்டு வருஷத்து இரவு வேலையும் அந்தச் சீட்டில் பத்திரமாக இருக்கின்றன; அவர்கள் கைபட்ட வர்ணமோ எங்கெங்கோ யார் யார் கழுத்திலோ பேரில்லாமல் தொங்குகிறது. இரண்டும் இனி ஒருபோதும் சேரப்போவதில்லை. அவர் கொடுத்த அன்றே, இது எந்த வருஷத்தது, யார் பூசியது என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும்.

அந்த ஏழில் ஒன்றை மட்டும், அவருடைய மகள் கேட்டுக்கொண்டதன்பேரில், ஒரு மாதம் கையில் வைத்துப் பார்த்த பிறகு அறுத்தேன். ஐந்து பேரப்பிள்ளைகளுக்கு ஐந்து கற்கள். ஒவ்வொன்றுடனும் தாத்தாவின் சீட்டுக்கு ஒரு நகல். மிச்சம் ஆறும் சீட்டுகளோடு அதே தகர டப்பாவில் இருக்கின்றன. அவற்றை நான் அறுக்கப்போவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லுவது இதுதான். கட்டி கைக்கு வந்தவுடன் ரம்பத்தைத் தேடாதீர்கள். ஒரு காகிதத்தையும் பென்சிலையும் தேடுங்கள். கொடுத்தவர் யார், எந்த ஆலை, எந்த வருஷங்கள், அங்கே யார் வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். எத்தனை துண்டாக அறுத்தாலும் அத்தனை நகல் எடுத்து ஒவ்வொன்றுடனும் கொடுங்கள். பூத்தில் துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களைக் கேட்பதற்கு இன்னும் சில வருஷங்களே இருக்கின்றன.